காய்ச்சல் பாட்டு

நல்ல பாட்டுக்கு வயதே ஆகாது என்று ரேடியோவில் பேசுகிறவர்கள் பூரிப்போடு சொல்வார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுக்குள் எவனாவது ஒருவன் மானத்தைத் தொலைத்திருந்தால், அந்த மானக்கேட்டுக்கும் வயதாகாமல் போய்விடுகிறது. இதை அவர்கள் சொல்வதில்லை. அவர்களுக்கு என்ன, அவர்கள் யாரும் அதில் கொழுந்து பறிக்கவில்லை.

நான் சொல்வது ஒரு ஹிந்திப் படப் பாட்டு. வெளிவந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே ஃபோனில் தேடி, இரண்டாவது சரணத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. கதை என்ன என்று அதில் நடித்தவர்களுக்கே மறந்திருக்கும். பாட்டு மட்டும் போக மாட்டேன் என்கிறது. குன்னூர் பஸ்ஸில் கேட்கிறது, பல் டாக்டரின் வாசலில் காத்திருந்தால் கேட்கிறது, என் பேத்தியின் ஃபோன் அடித்தால் அதுதான் கேட்கிறது. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் காய்ச்சல் பாட்டு. ஏன் அந்தப் பெயர் என்று நானே எழுதிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. குன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க். ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. தெரியாது என்பதோடு விட்டால் பரவாயில்லை, கல்லூரியில் படிக்கும்போது ஹிந்தி வேண்டாம் என்று ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தியவன். கத்திவிட்டு அறைக்கு வந்து, தொண்டைக்கு இதமாக வெந்நீர் குடித்துக்கொண்டே ரேடியோவில் ஹிந்திப் பாட்டு கேட்பேன். (மொழி வேறு, பாட்டு வேறு என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் அன்று நான் ஒருவன்தான் உறுப்பினர் என்று நினைத்திருந்தேன். பிறகு விசாரித்ததில் பாதி ஊரே அதில்தான் இருந்தது.)

எனக்கு அப்பா அம்மா இல்லை. மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்காதான் எல்லாம். அக்கா ஊட்டி காந்தலில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தாள். பெண்ணின் அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டரைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் எல்லாம் அவரிடம் கையை நீட்டுவார்கள். அவர் நாடி பிடித்தால் தப்பாது என்று காந்தலில் பேர். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, பத்து மணி பஸ்ஸில் கிளம்பி நேராகப் பெண் வீட்டுக்கு வந்துவிடு, நானும் மாமாவும் அங்கே வந்துவிடுகிறோம் என்று அக்கா கடிதம் போட்டிருந்தாள். கடிதத்தின் கீழே, 'சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்' என்று தனியாக ஒரு வரி. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

சட்டையை இஸ்திரி போட்டேன். லீவ் எழுதிக் கொடுத்தேன். தலைக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன். ஒன்பதரை மணிக்கு மாப்பிள்ளை கணக்காக இறங்கி நடந்தேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் ஏழாம் நம்பர் தோட்டம்.

அங்கேதான் வினை இருந்தது. அன்றைக்கு ஏழாம் நம்பரில் ஹிந்திப் படப்பிடிப்பு. மேனேஜர் அனுமதி கொடுத்திருப்பது எனக்கும் தெரியும். நான் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போகிற அளவுக்கு மனக்கட்டுப்பாடு உள்ளவன் என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்த புனல் ஸ்பீக்கரிலிருந்து புல்லாங்குழல் கிளம்பியது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

அந்தப் பாட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னை வெறும் கிறுக்கன் என்று நினைப்பீர்கள். புல்லாங்குழல் முதலில் தனியாக வரும், யாரையோ தேடுகிற மாதிரி. பின்னால் தாளம் மெல்ல நடந்து வந்து சேர்ந்துகொள்ளும். பாடுகிற அம்மாளின் குரலில் அலட்டலே கிடையாது. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலத்தான் பாடுவார். ஆனால் இரண்டாவது சரணத்தின் நடுவில் ஓரிடம் இருக்கிறது. வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். குரலும் நிற்கும். அந்த அம்மாள் மூச்சை இழுப்பது மட்டும் கேட்கும். ஒரு கணம்தான். பிறகு மேலே ஒரு ஸ்வரத்தில் வந்து இறங்குவார் பாருங்கள், அங்கே கேட்கிறவனின் தலை தன்னால் நிமிரும். இவ்வளவு வருடத்தில் அந்த இடத்தில் தலை நிமிராத ஆளை நான் பார்த்ததில்லை.

அன்று காலையில் அந்த இடத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாயகி பாடுவாள். அவள் பின்னால் தேயிலைக்குள் எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று குனிந்து கொழுந்து பறிப்பார்கள். மூச்சு இழுக்கும் இடத்தில் எட்டுப் பேரும் தலையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. எட்டுப் பேரும் எங்கள் எஸ்டேட்டில் நிஜமாகவே கொழுந்து பறிக்கிறவர்கள். அதுதான் தொல்லையாகிவிட்டது. டைரக்டர் பாட்டுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக, நளினமாகப் பறிக்கச் சொன்னார். சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் உதவியாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"மெதுவான்னா எப்பிடிய்யா?" என்று கேட்டாள் முன்னால் நின்ற பாக்கியம். இருபது வருடமாக அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவள். "கை அது பாட்டுக்குப் போகுது. நான் வேணும்னா போறேன்?"

பாட்டு ஒரு பக்கம் நடக்க, அவர்கள் கை இன்னொரு பக்கம் ஓடியது. நாலு தடவை எடுப்பதற்குள் காமிராவுக்கு முன்னால் இருந்த செடிகளில் ஒரு கொழுந்து பாக்கி இல்லை. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைப் பிடித்துக்கொண்டார். காமிராவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். அங்கேயும் அரை மணியில் மொட்டை. மறுபடி தூக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அதே துண்டுப் பாட்டு, அதே மூச்சு, அதே இறக்கம். எனக்கு ஒரு தடவைகூடச் சலிக்கவில்லை. பத்து மணி பஸ் போயிற்று. பதினொன்றரை பஸ் போகும் சத்தம் கேட்டது. அது வேறு யாருக்கோ வந்த பஸ் போல நான் நின்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குத்தான் சுரணை வந்தது. காந்தலில் ஒரு வீட்டில் கேசரி கிண்டி, ஒரு பெண்ணுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்காவின் முகம் கண் முன்னால் வந்தது. ஓடினேன். ஃபாக்டரியில் இருந்த ஒரே ஃபோனில் ஆஸ்பத்திரியைப் பிடித்தேன். நான் வரவில்லை என்றதும் கம்பவுண்டர் ஒரு நடை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவரே எடுத்தார்.

"நான்தானுங்க," என்றேன், குரலை எவ்வளவு மெலிய வைக்க முடியுமோ அவ்வளவு மெலிய வைத்து. "வர முடியலீங்க. காய்ச்சலுங்க."

நான் போட்ட கணக்கில் அவர் "அடடா" என்பார், நான் ஃபோனை வைத்துவிடலாம். ஆனால் காய்ச்சல் என்ற வார்த்தையை ஒரு கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எத்தனை டிகிரிங்க?"

"நூத்தி மூணுங்க."

"குளுருதுங்களா?"

"நடுங்குதுங்க."

"நாக்கு எப்படீங்க இருக்குது?"

நாக்கைப் பற்றி நான் தயாரித்திருக்கவில்லை. "இருக்குதுங்க," என்றேன்.

அதற்குள் ஏழாம் நம்பரில் அடுத்த ஷாட் தொடங்கிவிட்டார்கள். "ஏனுங்க, அங்க என்னமோ பாட்டுச் சத்தம் கேக்குதுங்களே," என்றார்.

பதறிப்போய் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னேன். "அதானுங்க, எனக்கும் காலையிலருந்து காதுல அதே பாட்டுத்தானுங்க கேட்டுட்டே இருக்குது."

"காதுல பாட்டுக் கேக்குதுங்களா?" அவர் குரல் மாறிவிட்டது. "படுங்க. எந்திரிக்காதீங்க." ஃபோனை வைத்துவிட்டார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்லியாயிற்று, அதை வீணாக்கக் கூடாது என்று திரும்பவும் ஏழாம் நம்பருக்கே போனேன். (இந்த இடத்தில் என் மனைவி எப்போதும் கதையை நிறுத்தி, கேட்பவர்களின் முகத்தை ஒருமுறை பார்ப்பாள்.)

மூன்றரை மணிக்கு நாயகி கைகளை விரித்து, காதலில் உருகி நின்றாள். சரியாக மூச்சு இழுக்கும் இடம். அப்போது ஃபாக்டரி சங்கு ஊதியது. சங்கு ஊதினால் பறித்த கொழுந்தை எடை போட வேண்டும். எட்டுப் பெண்களும் ஒன்றாக நிமிர்ந்தார்கள், ஒன்றாகத் திரும்பினார்கள், கூடையோடு நடந்து காமிராவைத் தாண்டிப் போய்விட்டார்கள். டைரக்டர் ஹிந்தியில் கத்தினார். உதவியாளர் தமிழில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

"கொழுந்து வாடிருச்சுன்னா நீயாய்யா பதில் சொல்லுவ?" என்றாள் பாக்கியம், நடையை நிறுத்தாமலே. "எடை போட்டுட்டு வாரோம். அந்த அம்மாவ அப்பிடியே நிக்கச் சொல்லு."

கீழேயிருந்து மஞ்சு மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் மலையே தெரியாது, மறுநாள் அவர்களுக்கு வேறிடத்தில் வேலை. உதவியாளர் சுற்றிலும் பார்த்தார். வேடிக்கை பார்க்க மிஞ்சியிருந்தவர்களில் லாரி டிரைவர், ஆபீஸ் பியூன், இரண்டு மேஸ்திரிகள், அப்புறம் இஸ்திரி போட்ட சட்டையில் நான். "தூரத்துல இருந்துதான் எடுப்பாங்க, மூஞ்சி தெரியாது," என்று சொல்லி எங்கள் மேல் சேலையைச் சுற்றினார்கள். தலைக்கும் முதுகுக்குமாகக் கொங்காணித் துணியைப் போட்டு, கூடையை மாட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவர் கன்னத்தில் சிவப்பைத் தேய்த்தார். மீசையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்கள். "குனிஞ்சே இருங்க. யாரும் தலையைத் தூக்கக் கூடாது. தூக்குனா போச்சு," என்றார் உதவியாளர்.

குனிந்தேன். பாட்டு வந்தது. காலையிலிருந்து தூரத்தில் நின்று கேட்ட பாட்டு, இப்போது எனக்குள்ளேயே ஓடியது. கை தானாகக் கொழுந்தைத் தேடியது, இடுப்பு லேசாக ஆடியது. (லேசாக என்பது என் வாக்குமூலம். சாட்சிகள் வேறு மாதிரி சொல்கிறார்கள்.) வாத்தியம் நின்றது. குரல் நின்றது. அந்த அம்மாள் மூச்சை இழுத்தார்.

என் தலை நிமிர்ந்தது. நான் நிமிர்த்தவில்லை, அது நிமிர்ந்தது. நான்கு பேர் குனிந்திருக்க, நான் ஒருவன் மட்டும் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கினேன். சரியாக அந்த நேரத்தில் ஒரு காற்று வந்து கொங்காணியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மஞ்சு மூடியது. இரண்டாவது தடவை எடுக்க வழி இல்லை. அதை வெட்டிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மேலே இருந்த என் குவார்ட்டர்ஸுக்கு ஏறி ஓடினேன்.

உள்ளே போய்ச் சேலையை உருவிக் கட்டிலுக்கடியில் தள்ளியதுதான் தாமதம், வாசலில் "ஏனுங்க" என்று ஒரு குரல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் மருந்துப் பை. கம்பவுண்டர்தான். ஃபோனை வைத்ததும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் கம்பளிக்குள் பாய்ந்தேன்.

அவர் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மேடேறி ஓடி வந்த நாடி, அது வேறு எப்படி இருக்கும்? "படபடன்னு ஓடுதுங்க," என்றார் கவலையோடு. முகத்தைப் பார்த்தார். "மூஞ்சி எப்படிச் செவந்திருக்குது பாருங்க." நெற்றியைத் தொட்டார். "வேர்த்திருக்குது. எறங்கற நேரம்." பிறகு இமையைத் தூக்கிப் பார்க்கக் கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்து எடுத்தார். விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டையைப் பற்றி நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

பையிலிருந்து ஒரு புட்டி மிக்ஸ்சர் மருந்து எடுத்தார். பக்கவாட்டில் அளவுக்காகக் காகிதத்தை வெட்டி ஒட்டியிருந்தது. "ஒரு நாளைக்கு மூணு வேளை, அஞ்சு நாளைக்குங்க. புட்டி காலியானதும் கழுவிக் கொடுத்தனுப்புங்க," என்று சொல்லி முதல் வேளையைத் தானே ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கசப்பு காது வரைக்கும் ஏறியது. அவர் போனதும் மிச்சத்தை ஜன்னல் வழியே ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. ஒரு நல்ல மனிதர் எனக்காக மலையிறங்கி வந்திருக்கிறார், பொய் சொன்ன வாய்க்கு இதாவது வேண்டும் என்று அஞ்சு நாளும் மூன்று வேளையும் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒழுங்காகப் பஸ் ஏறிப் போய்ப் பெண் பார்த்தேன். சுலோச்சனா காப்பித் தட்டை நீட்டி, நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். நான் காப்பியை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிச்சயம் ஆயிற்று. தை மாதம் கல்யாணம். அதற்குள் பாட்டு ரேடியோவில் வர ஆரம்பித்து, நீலகிரி முழுக்க அதே பாட்டு. நிச்சயத்தன்று கூட்டத்துக்கு நடுவில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பாட்டை உங்க எஸ்டேட்டுலதான் எடுத்தாங்களாமே. எனக்கு ரொம்பப் பிடிக்குமுங்க. நீங்க எடுக்கறப்பப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. காய்ச்சல்ல படுத்திருந்தேன்," என்றேன்.

"அய்யோ பாவம்," என்றாள், நிஜமான வருத்தத்தோடு. ஃபோனில் அவள் அப்பாவிடம் சொன்னதைவிட, அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. உண்மை தெரிந்தால் இந்தக் கல்யாணம் நிற்கும் என்பதும் நன்றாகத் தெரிந்திருந்தது.

மார்கழியில் படம் ஊட்டிக்கு வந்தது. "நம்ம மாப்பிள்ளை எஸ்டேட்டுப் படம், குடும்பத்தோட போறோம்," என்று கம்பவுண்டர் ஆள் அனுப்பினார். ஹிந்தி புரியாது என்றேன். குளிர் என்றேன். "கம்பளி கொண்டு வாங்க," என்று பதில் வந்தது. சனிக்கிழமை மேட்னி. அவர், அவர் மனைவி, சுலோச்சனா, நான் என்று நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். வெட்டியிருப்பார்கள், வெட்டியிருப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது முன்வரிசையில் ஒரே சலசலப்பு. எஸ்டேட் லாரியில் வந்து இறங்கியிருந்தார்கள் பாக்கியமும் அவள் கூட்டமும்.

பாட்டு வந்தது. முழுப் பாட்டையும் படத்தோடு அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். என் நிலைமை மறந்து உருகினேன். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணம். நாயகியின் தோளுக்குப் பின்னால் ஐந்து கொங்காணிகள் குனிந்திருந்தன. மூச்சு. கொங்காணி ஒன்று பறந்தது. திரை முழுக்க அல்ல, ஓர் ஓரத்தில்தான், ஆனால் அந்த ஓரம் போதும். கண் மூடி, கன்னம் சிவந்து, எண்ணெய் வழிய வாரிய தலையும் தடித்த மீசையுமாக, இடுப்பை ஒடித்துக்கொண்டு சேலையில் நான். நாலு விநாடி. காமிராக்காரருக்கு அது பிடித்துப்போயிருக்க வேண்டும், பாவி, மெல்ல என் பக்கமே நகர்த்தியிருந்தார்.

"அடியே, நம்ம கிளார்க்கய்யாடி," என்ற பாக்கியத்தின் குரல் தியேட்டரில் கடைசி பெஞ்ச் வரை கேட்டது. விசில் பறந்தது. என் பக்கத்தில் மூன்று பேரும் அசையவில்லை. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காந்தல்காரர்கள் நாலைந்து பேர், ஆஸ்பத்திரியில் அவரிடம் கை நீட்டுகிறவர்கள், சுற்றி நின்றார்கள். அவர் மனைவி, எனக்கு அத்தையாகப் போகிறவர், அவர்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்த மீசை வெச்ச பொம்பளை நீங்கதானுங்களே?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. "நான்தானுங்க அத்தை. பொண்ணுப் பாக்க வர்றதா இருந்த அன்னிக்குத்தானுங்க அது. காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வர்ற வழியில பாட்டுக் கேட்டு நின்னுபோட்டேன். பொய் சொன்னது தப்புங்க," என்றேன். சுலோச்சனா பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை என்னை விட்டுவிட்டுத் தன் கணவர் பக்கம் திரும்பினார். "காய்ச்சலே இல்லையாமா. அப்ப நீங்க ரெண்டு பஸ் ஏறிப் போயி நாடி பாத்து மருந்து குடுத்தது யாருக்குங்க?"

காந்தல்காரர்கள் அத்தனை பேரும் கம்பவுண்டரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"காய்ச்சல் இல்லைன்னு அவரு சொன்னா ஆச்சா?" என்றார் நிதானமாக. "காய்ச்சக்காரனுக்கு என்ன தெரியும்? நாடி பாத்தவன் நானு. காய்ச்சல் தலைக்கேறி ஜன்னி கண்டிருக்குது. காதுல பாட்டுக் கேக்குதுன்னு அன்னிக்கு ஃபோன்லயே சொன்னாரு. அந்தப் பாட்டைத் தேடிட்டு எந்திரிச்சுப் போயிருக்கறாரு, பாவம். போன எடத்துல சுயநெனவு இல்லாத மனுசனுக்குச் சேலையக் கட்டி உட்டிருக்கறாங்க. நான் மட்டும் அன்னிக்கு மருந்தோட போகாம இருந்திருந்தா..." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜன்னியில டான்சும் வருமுங்களா?" என்றார் அத்தை.

"வரும். புஸ்தகத்துல போட்டிருக்குது."

எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை. காந்தல்காரர்கள் என்னை இரக்கத்தோடும் அவரைப் பெருமையோடும் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அப்போதுதான் சுலோச்சனாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கு உயிரே போயிற்று. முந்தானையை எடுத்தாள். முகத்தை வெகு கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப உடம்பு எப்படி இருக்குதுங்க?"

"மருந்து குடிச்சதுல சரியாப் போச்சுங்க."

"அஞ்சு நாளும் குடிச்சீங்களா?"

"மூணு வேளையும் குடிச்சேனுங்க."

அதற்கப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. தியேட்டர் வாசலில், தூறலில் நின்று, கண்ணில் தண்ணீர் வர வர அவள் சிரித்த சிரிப்பில்தான் எனக்குக் கல்யாணம் நடக்கும் என்ற நம்பிக்கை வந்தது. தையில் நடந்தது.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமனார் அந்தச் சிகிச்சையை விடவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மொய் கவரைக் கொடுத்துவிட்டு, "இப்ப ஜன்னி பரவாயில்லீங்களா?" என்று விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர்கள் எல்லோருக்கும் என் கதை சொல்லப்பட்டது. அவர் இருந்தவரைக்கும், வீட்டில் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால், சாப்பிடுகிற கையானாலும் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணுமில்லை, சாப்பிடுங்க," என்பார். ஒரு தடவைகூட அவர் சிரித்ததில்லை. விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தபோதே அவருக்கு உண்மை தெரிந்துவிட்டதா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அந்த மனிதர் என்னைக் காப்பாற்றினாரா, தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டாரா என்பது அவரோடு போய்விட்டது. நான் அவரை அவ்வளவு நேசித்தேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பாட்டின் அர்த்தத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். குன்னூருக்கு டீ வாங்க வந்த ஒரு வடக்கத்திக்காரர் வரி வரியாகச் சொன்னார். மலை, காற்று, நீ வருவாயா, நான் காத்திருப்பேன். இவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டு நாள் பாட்டு கொஞ்சம் சின்னதாகிவிட்டது. அப்புறம் அர்த்தம் மறந்துபோயிற்று, பாட்டு பழையபடி பெரிதாகிவிட்டது.

சுலோச்சனாவுக்கு ஒரே ஒரு குறை பாக்கி இருந்தது. அன்றைக்கு அவள் காலையிலிருந்து பட்டுச்சேலை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாளாம். "அன்னிக்கு என்னைப் பாக்க வர்றதைவிட அந்தப் பாட்டுத்தான் ஒசத்தியாப் போச்சுங்களா உங்களுக்கு?" என்று பாட்டு வரும்போதெல்லாம் கேட்பாள். விளையாட்டாகத்தான் கேட்பாள், ஆனால் பதிலுக்கு என் முகத்தைப் பார்ப்பாள். உன்னை அப்போது பார்த்திருக்கவில்லையே என்றேன். பஸ் சீக்கிரம் போய்விட்டது என்றேன். எந்தப் பதிலும் தேறவில்லை. இத்தனை வருடம் தேறவில்லை.

போன மாதம் பேத்திக்குக் கல்யாணம். குன்னூர் மண்டபத்தில் வரவேற்பு. பேத்தி சொல்லி வைத்திருக்கிறாள் போல, மேடையில் திடீரென்று அந்தப் பாட்டைப் போட்டார்கள். அதே பழைய பாட்டு, அதே புல்லாங்குழல். மண்டபத்தில் எங்கள் சொந்தம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. "தாத்தாவுக்குக் காய்ச்சல்," என்று யாரோ கத்தினார்கள். பிள்ளைகள் என்னை இழுத்துப்போய் நடுவில் நிறுத்தி, தலையில் ஒரு துண்டைப் போட்டார்கள். எனக்குப் பழக்கம்தான். ஒவ்வொரு விசேஷத்திலும் நடப்பதுதான். குனிந்து கொழுந்து பறிக்க ஆரம்பித்தேன்.

சுலோச்சனா இந்த நேரத்தில் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பாள். அவளுக்கு மூட்டுவலி. அன்றைக்கு இரண்டாவது சரணம் தொடங்கும்போது, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். பட்டுச்சேலையில் மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் நின்று, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா, உனக்கு முட்டி வலிக்குமே," என்றேன்.

"எனக்கும் லேசாக் காய்ச்சல் அடிக்கற மாதிரி இருக்குதுங்க," என்றாள்.

வாத்தியம் நின்றது. குரல் நின்றது. அந்த அம்மாள் மூச்சை இழுத்தார். நாங்கள் இருவரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம். பாட்டு இறங்கியபோது சுலோச்சனா என் மணிக்கட்டைப் பிடித்து, அவள் அப்பா மாதிரியே சிரிக்காமல், கொஞ்ச நேரம் நாடி பார்த்தாள்.

"படபடன்னு ஓடுதுங்க," என்றாள்.